பழைய காட்சியா, வாய்ப்பேச்சா?

போர்க்கால இனப்படுகொலையை ஆவணப்படமாக்க ஒரு வழி, பழைய காட்சிகளைக் கோப்பது. 1955இல் பிரெஞ்சு இயக்குநர் அலென் ரெனே நாஜி வதைமுகாம்களைப் பற்றி எடுத்த 'இரவும் மூடுபனியும்' 32 நிமிடம்தான். பிணக்குவியலை நேராகவே காட்டிவிடும்.

நாஜிகளின் யூதப் படுகொலையைப் பற்றிய கிளாட் லான்ஸ்மனின் 'ஷோவா' (1985) நேரெதிர். ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும், பழைய காட்சி ஒன்றுகூடக் கிடையாது. முகாமிலிருந்து உயிர்தப்பிய முடிதிருத்துபவர் ஒருவர் கத்தரியும் கையுமாக விஷவாயு அறையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்து, தொண்டை அடைத்து நின்றுவிடுவார். கேமரா அவரை விட்டு நகராது.

மதுரை ஆனையூர், உச்சப்பட்டி முகாம்களில் ஈழத்தவரைப் படமெடுக்க நினைப்பவருக்கு இரண்டாவதையே சொல்வேன். கைப்பேசியில் சுற்றும் 2009 காட்சிகளை யார், எங்கே எடுத்தது என்று சரிபார்ப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். அதோடு, 1983 முதல் அலையலையாக வந்தவர்களில் பலர் முள்ளிவாய்க்காலைக் கண்ணால் பார்த்தவர்கள் இல்லை. அவரவர் பார்த்ததை மட்டும் கேளுங்கள். ஊரில் சொந்தபந்தம் இருப்பவர் முகம் காட்டத் தயங்கினால், சரி, குரல் போதும்.