நொதியைத் தேட எந்த முறை: சைமோகிராபியா, திசுச் சாயமேற்றலா?

உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோயில், குறிப்பாக நரம்புறைகளை ஒட்டிப் பரவும் அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமாவில், அடித்தளச் சவ்வின் நான்காம் வகைக் கொலாஜனைச் சிதைத்து வழி திறப்பவை எம்எம்பி-2, எம்எம்பி-9 போன்ற நொதிகள் (எம்எம்பி என்பது மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ் என்பதன் சுருக்கம்). இவற்றை ஆய்வுத்திட்டமாக எடுக்கும் சிங்கப்பூர்த் தமிழ் மாணவர்கள் இரு முறைகளுக்கிடையே தயங்குகிறார்கள்: ஜெலட்டின் கலந்த ஜெல்லில் நொதிகளை அளவுவாரியாகப் பிரித்து, அவை ஜெலட்டினைச் செரித்த இடங்களைப் பார்க்கும் சைமோகிராபி; திசுச் சீவலில் நொதியை ஆன்டிபாடியால் அடையாளங்காணும் சாயமேற்றல்.

காட்டுவது: ஜெலட்டின் சைமோகிராபியில், நீலச் சாயமேற்றிய ஜெல்லில் 92 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) அருகே தெளிந்த பட்டை தோன்றினால் அது முன்னோடி (இன்னும் செயலூக்கம் பெறாத) எம்எம்பி-9, 72 அருகே எனில் முன்னோடி எம்எம்பி-2, செயலூக்கம் பெற்ற வடிவங்கள் அவற்றுக்குச் சற்றுக் கீழே தெரியும்.
ஆன்டிபாடிச் சாயமேற்றல் இவ்வடிவங்களைப் பெரும்பாலும் பிரித்துக் காட்டாது. ஆனால் நொதி இருக்குமிடத்தைக் காட்டும். இதை நான் பெரிதாகவே மதிக்கிறேன், ஏனெனில் புற்றணுக்களை அடுத்துள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் எனும் இணைப்புத்திசு அணுக்களும் இந்நொதிகளைச் சுரக்கின்றன. சைமோகிராபிக்காகத் திசுவை அரைத்துவிட்டால் சுரந்தது எதுவென்று அறிய முடியாது.

மாதிரி: சைமோகிராபிக்கு உறைநிலைத் திசுவோ அணு வளர்ப்பூடகமோ தேவை.
சாயமேற்றலுக்கு மெழுகில் பதித்த பழைய திசுக்கட்டிகளே போதும். மனிதத் திசு எதுவாயினும், சிங்கப்பூரில் 2015இல் இயற்றப்பட்ட மனித உயிர்மருத்துவ ஆராய்ச்சிச் சட்டத்தின் விதிகளை முதலில் பார்த்துவிடுங்கள்.

செலவு: ஜெலட்டின் மலிவு, ஆன்டிபாடி விலை கூடியது.

எச்சரிக்கை ஒன்று: சைமோகிராபி ஜெல்லில் சேர்க்கும் எஸ்டிஎஸ் என்னும் சலவைப்பொருள் முன்னோடி வடிவத்தையும் செயல்படவைத்து, இயற்கைத் தடுப்பான்களையும் பிரித்துவிடுவதால், பட்டை தெரிந்ததாலேயே உடலில் நொதி இயங்கியது என்று எழுதக் கூடாது.

அணு வளர்ப்பில் ஒரு மருந்து நொதிச் சுரப்பைக் குறைக்கிறதா என்று அறியச் சைமோகிராபியைத் தேர்ந்தெடுங்கள். கட்டியின் ஊடுருவும் விளிம்பை ஆராயச் சாயமேற்றலே ஏற்றது.