ஸ்லோ குக்கரில் மாம்பழக் காப்ளர்

காப்ளர் என்பது பழத்தின் மேல் மாவு வைத்து ஓவனில் சுடும் இனிப்பு. எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. அதனால்தான் மெதுவாக வேகவைக்கும் மின்சாரப் பாத்திரமான இந்த 3.5 லிட்டர் ஸ்லோ குக்கரை வாங்கினேன். கும்பகோணம் மார்க்கெட்டில் வாங்கிய 4 பங்கனப்பள்ளியை நறுக்கி, நாட்டுச் சர்க்கரை தூவி, மேலே மைதா, வெண்ணெய், பால், பேக்கிங் பவுடர் கலந்த மாவைக் கரண்டி கரண்டியாக வைத்தேன். ‘ஹை’யில் இரண்டரை மணி நேரம்.

முதல் தடவை மூடியில் கோத்த நீர் சொட்டி, மாவு களியாகிவிட்டது. அடுத்த தடவை மூடிக்கு அடியில் பருத்தித் துண்டைப் போட்டு, நுனிகளைக் குமிழில் முடிந்தேன். ஈரத்தைத் துணி குடித்துக்கொண்டது. மாவு பஞ்சாக வெந்தது. ஓரத்தில் பழச்சாறு பாகாகச் சுண்டி ஒட்டியிருந்தது. அந்த ஓரத்துக்குத்தான் பிள்ளைகளிடையே போட்டி!

மேல்பக்கம் மட்டும் பொன்னிறமாகச் சிவக்காது. சூடு அடியிலும் பக்கத்திலும்தான் இருக்கிறது. அப்புறம், பீங்கான் பாத்திரம் நல்ல கனம். ஆறிய பிறகே கழுவுங்கள், சூட்டோடு தண்ணீர் பட்டால் விரிசல் விடும்.