அஸ்வெசும எடுப்பவர்களுக்கு 75% புலமைப்பரிசில் என்று யாராவது வந்தால் கவனம்

மட்டக்களப்பு நகரில் டிப்ளோமா வகுப்புகள் நடத்தும் ஒரு தனியார் நிறுவனம், அஸ்வெசும (குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் தரும் கொடுப்பனவு) எடுக்கும் குடும்பத்துப் பெண்களாகப் பார்த்து ஆள் சேர்க்கிறது. பெயரை எழுதவில்லை, விஷயம் இப்போது மத்தியஸ்த சபையில் இருக்கிறது. அவர்கள் வேலை செய்யும் விதத்தை எழுதுகிறேன். வேறு பெயரில் வேறு யாரும் இதையே செய்தாலும் உங்களுக்குப் பிடிபட வேண்டும்.

நான் முன்பள்ளி ஆசிரியை. ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடித்த கையோடு கல்யாணம், அப்புறம் பிள்ளைகள். இப்போது வயது நாற்பதை நெருங்குகிறது. முன்பள்ளியில் தருகிற கொடுப்பனவைச் சொன்னால் சிரிப்பீர்கள். வீடு ஓடுவது கணவருடைய கூலி வேலையிலும் அஸ்வெசுமவிலும்தான். நாங்கள் ‘வறியவர்’ பிரிவு. 2023இல் 8,500 ரூபாயாகத் தொடங்கியது, 2025 ஜனவரியிலிருந்து 10,000 வருகிறது. கையில் ஒரு டிப்ளோமா இருந்தால் இதே வேலையில் கொஞ்சம் மேலே போகலாம் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக இருந்தது. எங்கள் பக்கத்துப் பெண்கள் பலருக்கும் இதே ஆசைதான்.

மாதர் சங்கக் கூட்டத்துக்கு ஒரு தம்பி வந்தார். நல்ல பேச்சு. “அக்கா, இது அஸ்வெசும ஆக்களுக்கெண்டே வந்த திட்டம். மொத்தம் ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம். முக்கால்வாசி ஸ்கொலர்ஷிப். நீங்க கட்டுறது அறுபதுதான், அதுவும் மெல்ல மெல்லக் கட்டலாம்.” மகாபொல மாதிரித்தான் இதுவும் என்றார். மகாபொல அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகும் மாணவர்களுக்கான உதவித்தொகை. தனியார் டிப்ளோமாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் கூட்டத்தில் பாதிப்பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

புலமைப்பரிசில் விண்ணப்பத்துக்கு என்று அவர்கள் கேட்டவை: அடையாள அட்டைப் பிரதி, அஸ்வெசும கடிதம், வங்கிப் புத்தகப் பிரதி, கரண்ட் பில், கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ். கணவரின் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். படிக்கிறதுக்குக் கரண்ட் பில் என்னத்துக்கு என்று ஒருத்தி கேட்டாள். “ஹெட் ஒபிஸ் ரூல்ஸ் அக்கா” என்று சிரித்தார் தம்பி. மும்மூன்று பேராக உட்காரவைத்து, ஒருவரின் தாளில் மற்ற இருவரையும் ‘சாட்சி’ என்று கையெழுத்திட வைத்தார்கள். தாள் முழுக்க ஆங்கிலம். தமிழில் தாருங்கள் என்று கேட்டதற்கு, தமிழ்ப் படிவம் கொழும்பிலிருந்து வந்துகொண்டிருக்கிறதாம். இன்றுவரை அது வந்து சேரவில்லை.

அது கடன் பத்திரம். எங்கள் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு நுண்கடன் கம்பனியில் 60,000 ரூபாய் எடுத்து, காசு நேரே நிறுவனத்தின் கணக்குக்குப் போயிருக்கிறது. ‘சாட்சி’ என்றது பிணை. வகுப்பு தொடங்கிய பிறகு, தவணை எழுதும் கடன் அட்டையோடு, கம்பனிக்குக் காசு சேர்க்கும் கலெக்டர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோதுதான் இது தெரிந்தது. கிழமைக்கு 1,650, மொத்தம் 52 கிழமை. கணக்குப் பாருங்கள், 85,800 ரூபாய். மாதம் 10,000 வருகிற வீட்டிலிருந்து 6,600 போகிறது, ஐந்து கிழமை வருகிற மாதத்தில் 8,250.

புலமைப்பரிசிலும் பொய். அஸ்வெசும இல்லாத, எங்கள் தெருப் பிள்ளை ஒருத்தி நேரே போய் அதே டிப்ளோமாவுக்கு விலை கேட்டாள். கையில் காசு என்றால் 55,000 என்றார்கள். இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் என்ற விலை, 75 வீதம் கழிப்பதற்காகவே எழுதிய விலை.

நுண்கடன் என்று சொல்லிக்கொண்டு வந்தால் இந்த மாவட்டத்தில் எந்தப் பெண்ணும் கதவைத் திறக்க மாட்டாள். பட்ட பாடு அப்படி. 2018இல் அரசாங்கமே தலையிட்டு, வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த நுண்கடன்களில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யவேண்டி வந்தது. அதனால்தான் இப்போது அது படிப்பு என்று பெயர் மாற்றிக்கொண்டு வருகிறது என்பது என் எண்ணம்.

வகுப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கொஞ்ச நாள் மண்டபத்தில் நடந்தது, அப்புறம் சூம், அதற்கும் பிறகு பழைய வீடியோக்களை அனுப்பினார்கள். டேட்டா காசு எங்களுடையது. எங்கள் மூவரில் ஒருத்தி பிள்ளைக்குச் சுகமில்லாமல் நின்றுவிட்டாள். அவளுடைய தவணைக் காசையும் நாங்கள் இருவரும் பிரித்துக் கட்ட வேண்டும் என்று கலெக்டர் சொன்னார். ஒரே ஊரில் முகம் பார்த்துப் பழகியவர்கள், இப்போது கதைபேச்சு இல்லை. காசு போனதைவிட எனக்கு இதில்தான் கோபம்.

சான்றிதழ் விஷயத்தைக் கவனமாக வாசியுங்கள். சுவரில் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவுச் சான்றிதழ் தொங்குகிறது, அது உண்மையானது. ஆனால் நிறுவனத்தின் பதிவு வேறு, பாடநெறிக்கான அங்கீகாரம் வேறு. வகுப்பில் படித்து என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ்) எடுப்பதென்றால், பாடநெறிக்கு அந்த அங்கீகாரம் இருக்க வேண்டும். துண்டுப்பிரசுரத்தில் ‘என்.வி.கியூ. 5’ என்று அச்சடித்த எங்கள் டிப்ளோமாவுக்கு அந்த அங்கீகாரம் இல்லை. ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் நிறுவனத்தையும் பாடநெறியையும் தனித்தனியாகத் தேடிப் பார்க்கலாம்.

நாங்கள் சத்தம் போட்டபோது அதே தம்பி, இது அரசாங்கத்தின் வட்டியில்லா மாணவர் கடன்தான் என்று கதையை மாற்றினார். அந்தத் திட்டம் அண்மைய ஆண்டுகளில் ஏ.எல். சித்தியடைந்தும் பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகள், அனுமதி பெற்ற தனியார் நிறுவனங்களில் பட்டம் படிப்பதற்கானது. அரச வங்கி வழியாகக் கொடுக்கிறார்கள். கிழமைக்குக் கிழமை வீட்டுக்கு வந்து யாரும் காசு கேட்பதில்லை. அதுவும் எடுபடாமல் போக, முறைப்பாடு கொடுத்தால் அஸ்வெசும வெட்டுப்படும் என்றார். பிரதேச செயலகத்தில் அஸ்வெசுமவுக்குப் பொறுப்பானவரிடமே போய்க் கேட்டேன். “உங்கட முறைப்பாட்டுக்கும் கொடுப்பனவுக்கும் என்ன தொடர்பு மிஸ்? யார் சொன்னது?” என்று அவர் என்னிடம் திருப்பிக் கேட்டார்.

வயது போனபிறகு படிக்க நினைக்கிறவர்கள் முதலில் திறந்த பல்கலைக்கழகத்தின் மட்டக்களப்பு நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள். ஏ.எல். இல்லாதவர்களுக்கும் அடிப்படைப் பாடநெறி வழியாக உள்ளே போக இடம் இருக்கிறது, முன்பள்ளிக் கல்விக்கென்றும் பாடநெறிகள் உண்டு. கட்டணத்தைத் தவணையாகக் கட்டலாமா, குறைந்த வருமானக்காரருக்கு உதவி உண்டா என்பதை அங்கேயே, தமிழிலேயே கேட்கலாம். வேலை அனுபவம் உள்ளவர்கள் முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் என்.வி.கியூ. எடுப்பதைப் பற்றித் தொழிற்பயிற்சி அதிகாரசபையில் விசாரியுங்கள். இதற்கெல்லாம் கரண்ட் பில்லும் கணவரின் கையெழுத்தும் பிணைக்கு இரண்டு பெண்களும் தேவையில்லை.

கடைசியாக, எங்களோடு அந்த வகுப்பில் சேர்ந்தவர்களுக்கு. நிறுவனம் இப்போது ஒரு கடிதம் அனுப்புகிறது: 15,000 ரூபாய் திருப்பித் தருகிறோம், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று கையெழுத்திடுங்கள் என்று. கடன் அப்படியே நம் பெயரில்தான் இருக்கும். நான் கையெழுத்திடவில்லை. கடிதம் உங்களுக்கு வந்தால் கடன் அட்டை, பற்றுச்சீட்டு, அந்தத் துண்டுப்பிரசுரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்துக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே இலவசமாகப் பார்த்துத் தருகிறார்கள். துண்டுப்பிரசுரம் தொலைந்தவர்கள் கேளுங்கள், என்னிடம் ஒன்று இருக்கிறது, பிரதி எடுத்துத் தருகிறேன்.