பட்டர்வொர்த்தில் மூன்று வாரம்: தம்பியின் விபத்தும் அதன் பிறகு அலைந்ததும்

தைப்பூசத்துக்கென்று மெல்பர்னிலிருந்து மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊர் பட்டர்வொர்த்துக்கு வந்து நான்காவது நாள். காலை ஷிப்டுக்கு மோட்டார் சைக்கிளில் பிறை தொழிற்பேட்டைக்குப் போன தம்பியை, பக்கத்துத் தடத்திலிருந்து சிக்னல் போடாமல் நுழைந்த கார் இடித்துவிட்டது. வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிவு. தண்ணீர்மலைக்குக் காவடி பார்க்கப் போக வேண்டிய நான், மூன்று வாரமும் போலீஸ் நிலையம், வார்டு, வக்கீல் அலுவலகம் என்றே அலைந்தேன். ஊருக்கு வரும் சொந்தக்காரர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மலேசியாவில் ஆண்டுக்கு ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் சாலையில் சாகிறார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மோட்டார்காரர்கள். நம் வீடுகளில் மோட்டார் இல்லாத வீடு எத்தனை? பெட்ரோல் செலவு குறைவு, ஜாமில் நுழைந்து போகலாம் என்று எல்லாரும் ஓட்டுகிறோம். ஆனால் அடிபட்டால் மறுநாள் என்ன செய்வது என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

முதல் வேலை போலீஸ் ரிப்போர்ட். விபத்து நடந்து 24 மணி நேரத்துக்குள் புகார் செய்ய வேண்டும் என்கிறது 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம். தம்பி ஆபரேஷன் தியேட்டரில் இருந்ததால் நானும் அவன் மனைவியும் போனோம். கார்ப்பரல் பொறுமையாகக் கேட்டு டைப் செய்தார். எப்படி நடந்தது என்று கேட்டபோது, பதற்றத்தில் நான், "வேலைக்கு நேரமாகிவிட்டது, கொஞ்சம் வேகமாகத்தான் போயிருப்பான்" என்று சொல்லிவிட்டேன். அதுவும் மலாயில் அப்படியே பதிவாகிவிட்டது. கையெழுத்துக்கு முன் தம்பி மனைவி திரையைத் தன் பக்கம் திருப்பச் சொல்லி வரி வரியாகப் படித்தாள். "அக்கா, நீங்க பார்த்தீங்களா? பார்க்கலைன்னா இது ஏன் இங்க இருக்கணும்?" என்றாள். கார்ப்பரல் மறுபேச்சு பேசாமல் அந்த வரியை நீக்கினார். அந்த ஒரு வரி எவ்வளவு பெரிது என்று பிறகு வக்கீல் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது.

ஏனென்றால் இங்கே இழப்பீடு வேண்டுமானால் தவறு எதிராளியுடையது என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும். நான் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் யார் தவறு என்று பாராமலே சிகிச்சைச் செலவை அரசின் போக்குவரத்து விபத்து ஆணையம் ஏற்கும். இங்கே அது இல்லை. நம் பக்கமும் தவறு இருந்தால், அந்த அளவுக்கு இழப்பீட்டைக் கழிப்பார்கள். ஹெல்மெட் வார் மாட்டியிருந்ததா, முன்விளக்கு எரிந்ததா, லைசன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று வக்கீல் கேட்டதெல்லாம் அதற்குத்தான்.

இரண்டாம் நாளே கேஸ் பிடிக்க வார்டுக்கு ஒரு ஆள் வந்துவிட்டார். நல்ல தமிழ், நல்ல சட்டை. "அண்ணே, கையெழுத்து மட்டும் போடுங்க, மத்ததை நாங்க பார்த்துக்கிறோம். ஜெயிச்சா முப்பது பெர்சன்ட், தோத்தா காசே வேணாம்." வலி மருந்தின் மயக்கத்தில் இருப்பவனிடம் பேனாவை நீட்டுகிறார்! படுக்கை எண் இவருக்கு எப்படித் தெரிந்தது? ஜெயித்தால் இத்தனை பங்கு என்று பேசி வழக்கை எடுக்க மலேசிய வக்கீல்களுக்கு அனுமதி இல்லை. 1976-ஆம் ஆண்டு வக்கீல் தொழில் சட்டம் அதைத் தடுக்கிறது. தயவுசெய்து வார்டில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

ஜார்ஜ்டவுனில் தெரிந்தவர் சொன்ன வக்கீலம்மாவிடம் போனோம். அவசரமே காட்டவில்லை. காயத்துக்கான வழக்கைப் பொதுவாக ஆறு ஆண்டுக்குள் போடலாம், அரசாங்க வண்டி என்றால் 36 மாதம்தான், உயிர் போயிருந்தால் குடும்பத்துக்கு மூன்று ஆண்டு என்று விளக்கினார். சாலை விபத்து வழக்கென்றால், எவ்வளவு பெரிய தொகையானாலும் உயர் நீதிமன்றத்துக்குக் கீழுள்ள செஷன்ஸ் நீதிமன்றமே விசாரிக்கும். எந்த எலும்பு முறிவுக்கு எவ்வளவு என்று வழிகாட்டும் தொகுப்பு ஒன்று இருக்கிறது, 2018-இல் திருத்தியது. அதைத் திறந்து காட்டிவிட்டு, "இது வெறும் வலிக்கான கணக்கு. சம்பள இழப்புக்குச் சம்பளச் சீட்டு வேணும் தம்பி" என்றார். தம்பி வார இறுதியில் கையில் காசு வாங்கிச் செய்யும் வேலைக்குச் சீட்டே இல்லை. அவன் முகம் விழுந்துவிட்டது.

எங்களுக்குச் சுத்தமாகத் தெரியாதது சொக்சோ, அதாவது தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிறுவனம். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்தும் வேலை விபத்தாகவே கணக்கு. நான்கு நாளோ அதற்கு மேலோ எம்.சி. (டாக்டர் தரும் மருத்துவ விடுப்புச் சீட்டு) இருந்தால் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். கார்க்காரர் மீது வழக்குப் போடுவதை அது தடுக்காது. கம்பெனி ஆள், "இது ரோட்டுல நடந்தது, நமக்குச் சம்பந்தமில்லை" என்று முதலில் கைவிரித்தார். தம்பி மனைவி சொக்சோ அலுவலகத்துக்கே நேரில் போனாள். அங்கே இருந்த பெண், வீட்டிலிருந்து தொழிற்சாலைக்குப் போகும் வழியை ஒரு தாளில் வரைந்து தரச் சொன்னார். கூடவே அன்றைய வருகைப் பதிவு, போலீஸ் ரிப்போர்ட் நகல். எங்கே திரும்புவான், எந்தச் சந்திப்பில் நிற்பான் என்று அவள் பேனாவால் கோடு போட்டுக் காட்டியதைப் பார்த்தபோது, தினமும் இந்த வழியை மனத்துக்குள் எத்தனை முறை ஓட்டிப் பார்த்திருப்பாள் என்று தோன்றியது. கம்பெனிக்கும் அங்கிருந்தே போன் போனது. அப்புறம் கம்பெனியின் படிவம் வந்துவிட்டது.

குறை என்றால் மருத்துவ அறிக்கைதான். விண்ணப்பித்துக் கட்டணமும் கட்டினோம். நான் விமானம் ஏறும்வரை வரவில்லை. அது இல்லாமல் வழக்கு நகராது. மூன்று முறை கவுண்டருக்குப் போனேன், மூன்று முறையும் வேறு வேறு பதில்.

ஹெல்மெட்டையும் கிழிந்த கால்சட்டையையும் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறார் வக்கீலம்மா. இரண்டையும் பிளாஸ்டிக் பையில் கட்டி அலமாரியின் மேலே வைத்திருக்கிறோம். அம்மா நாளுக்கு இரண்டு முறை அண்ணாந்து பார்க்கிறாள், துவைத்துவிடலாமே என்கிறாள். தம்பி மனைவி, "தொடாதீங்க அத்தை, கேஸ் முடியட்டும்" என்கிறாள்.