64 பவுண்டு கொடுத்துச் செத்த ஈஸ்ட் வாங்கிய கதை: வீட்டில் ஒயின் போட நினைக்கும் புதியவர்களுக்கு

இன்று காலைதான் இரண்டு கிலோ பிளாக்பெர்ரியைக் குப்பையில் கொட்டினேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். சாமான் வாங்கும்போது எதையெதைப் பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

நான் இருப்பது லண்டனுக்குத் தெற்கே, குரோய்டன் பக்கம். இங்கே ஆகஸ்ட் கடைசியில் நடைபாதையோரப் புதர்களிலெல்லாம் பிளாக்பெர்ரி கறுத்துத் தொங்கும். விற்காமல் வீட்டுக்கு மட்டும் ஒயின் போட்டுக்கொள்ள இந்த நாட்டில் தடையில்லை. செப்டம்பர் 29, அதாவது மைக்கேல்மஸ் என்ற கிறிஸ்தவத் திருநாளுக்குப் பிறகு பழம் பறித்தால் சாத்தான் அதன்மேல் துப்பியிருப்பான் என்பது இங்குள்ள பழங்கதை. அவன் துப்புவதற்குள் முடித்துவிடுவோம் என்று நானும் மகளும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை முள்ளில் கைகளைக் கிழித்துக்கொண்டு பறித்தோம்.

சாமான்களுக்கு இணையத்தில் தேடினேன். வீட்டு ஒயின் பொருள்கள் மட்டும் விற்கும் சிறு கடை ஒன்று கிடைத்தது. 'தொடக்கக்காரர் பெட்டி' 64 பவுண்டு: மூடியுள்ள வாளி, 4.5 லிட்டர் டெமிஜான் ஜாடி (ஒயின் நொதிக்க வைக்கும் குறுகிய கழுத்துள்ள ஜாடி), ஏர்லாக் (உள்ளே உண்டாகும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத அடைப்பு), ஹைட்ரோமீட்டர் (சாற்றின் அடர்த்தியை அளக்கும் மிதவைக் கருவி), குழாய், கேம்ப்டன் மாத்திரை (பழத்திலுள்ள வேண்டாத கிருமிகளை அடக்குவது), ஈஸ்ட் (சர்க்கரையை ஆல்கஹாலாக்கும் நுண்ணுயிர்). சந்தேகம் கேட்கத் தொலைபேசியில் அழைத்தேன். எடுத்தவர் அவசரமே இல்லாமல் இருபது நிமிடம் பேசினார். எவ்வளவு சர்க்கரை, எப்போது வடிகட்ட வேண்டும் என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார். "கோளாறு எதுவானாலும் நேராக என்னையே கூப்பிடுங்கள்" என்றார். அந்தக் குரலில்தான் விழுந்தேன். முடிக்கும்போது, கார்டில் கட்டினால் கமிஷன் போகிறது, வங்கிக் கணக்குக்கே அனுப்பிவிடுங்கள், இன்னொரு ஈஸ்ட் பொட்டலம் இலவசமாக வைக்கிறேன் என்றார். பேசி முடித்த கையோடு 64 பவுண்டையும் அனுப்பினேன். இலவசம் என்ற சொல்லுக்கு நம் மூளை ஏன் இப்படி மயங்குகிறதோ!

பெட்டி வந்தது. பழத்தை மசித்து, கேம்ப்டன் மாத்திரை ஒன்றைப் பொடித்துப் போட்டு, ஒரு நாள் விட்டுச் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்தேன். ஒன்றிரண்டு நாளில் நுரை எழ வேண்டும். காது வைத்துக் கேட்டால் சோடாவைப் போல் சீற வேண்டும். என் மகள் பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாக வாளியில் காதை வைப்பாள். "தூங்குகிறதாப்பா?" என்பாள். ஒரு சத்தமும் இல்லை.

இரண்டாம் நாள் கூப்பிட்டேன். "பொறுமை வேண்டும், பழத்துக்குப் பழம் மாறும்." மூன்றாம் நாள், "உங்கள் வீடு குளிராக இருக்கும்." 21 டிகிரி என்றேன். "அப்படியானால் வெந்நீரில் போட்டுக் கொன்றிருப்பீர்கள்." வெந்நீரே தொடவில்லை! இலவசப் பொட்டலத்தையும் போட்டுப் பார்த்தேன். அதுவும் பிணம்.

ஐந்தாம் நாள் அந்தப் பொட்டலத்தைக் கையில் எடுத்து உற்றுப் பார்த்தேன். தேதி அச்சாகவில்லை, ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். அடியில் வேறொரு தேதி. அந்த ஈஸ்ட் காலாவதியாகி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. சந்தேகம் வந்து ஹைட்ரோமீட்டரை வெறும் தண்ணீரில் மிதக்கவிட்டேன். 1.000 காட்ட வேண்டியது 1.012 காட்டியது. உள்ளே இருந்த அளவுத்தாள் வழுக்கி இடம் மாறியிருந்தது.

படம் எடுத்து அனுப்பினேன். "பிரித்த பொருளைத் திரும்ப வாங்குவதில்லை" என்று ஒரு வரி வந்தது. 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி பழுதான பொருளை 30 நாளுக்குள் திருப்பித் தந்து முழுப் பணத்தையும் கேட்கலாம் என்று எழுதினேன். "புதியவர்கள் எல்லோரும் தங்கள் தவற்றுக்கு எங்களைத்தான் குறை சொல்வார்கள்" என்று பதில். அதன்பின் நான்கு முறை அழைத்தும் எடுக்கவில்லை. இருபது நிமிடம் பேசிய அதே ஆள்! கார்டில் கட்டியிருந்தால் வங்கி வழியாகத் திரும்பக் கேட்க ஒரு வழியாவது இருந்திருக்கும். 64 பவுண்டையும் நானே என் கையால் அனுப்பிவிட்டேனே.

இன்று பழத்தின்மேல் வெள்ளைப் பூஞ்சை வளையம் கட்டிவிட்டது.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது பொறுமையில்லை. ஈஸ்டைப் பழத்தில் போடுமுன் வெதுவெதுப்பான நீரில் ஒரு சிட்டிகை சர்க்கரையோடு கலந்து அரை மணி நேரம் வையுங்கள். நுரைக்காவிட்டால் போடாதீர்கள். ஹைட்ரோமீட்டரை வந்த அன்றே தண்ணீரில் சோதியுங்கள். பொட்டலத்தில் ஒட்டிய தேதி இருந்தால் சுரண்டிப் பாருங்கள். வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அந்தக் கடையே வேண்டாம்.

மற்றதை இன்னொரு நாள் எழுதுகிறேன். சமையலறையில் பழ ஈ மொய்க்கிறது, வாளியைக் கழுவ வேண்டும்.