சாயல்குடி ரோட்டோரக் கடைக் கருப்பட்டி

நல்ல சரக்கு, நம்பி வாங்கலாம். சாயல்குடி பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஓலைக்கொட்டானில் வைத்து விற்கிற சின்னக் கடை, பெயர்ப் பலகைகூடக் கிடையாது. உடைத்தால் உள்ளே ஒரே பழுப்பு நிறம், சீனி கலந்ததில் வருகிற மினுமினுப்பு இல்லை, நாக்கில் வைத்தால் இனிப்புக்குப் பின்னால் லேசான உவர்ப்பும் புகை வாசனையும் எட்டிப் பார்க்கின்றன. பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கி, விறகில் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி எடுக்கிற அதே பழைய முறைதான்.

எங்கள் வீட்டில் இது சாயங்காலச் சுக்குக் காபிக்கு. விளக்கு வைத்ததும் எங்கள் மண்டபம் ஊர்க் காற்று ஜன்னலைத் தட்ட ஆரம்பிக்கும், டிவியைப் போடாமல் நானும் வீட்டுக்காரியும் ஆளுக்கொரு டம்ளரோடு உட்கார்ந்துவிடுவோம். வரும் தையில் எனக்கு அறுபது முடிகிறது, நான் பிறந்த விசுவாவசு வருடமே இப்போது மறுபடி நடக்கிறது. பிள்ளைகள் திருக்கடையூரில் வைக்கலாம் என்கிறார்கள். சரி, போகலாம், ஆனால் இந்த ஒரு மணி நேரம் தினமும் கிடைப்பதுதான் எனக்குப் பெரிய விசேஷம், இதை மனசாரச் சொல்கிறேன்.

குறை என்றால், அரைக் கிலோ தர மாட்டேன் என்கிறார்கள். அப்புறம், மழை நாளில் கசியும், காற்றுப் புகாத டப்பா அவசியம். புதுச் சரக்கு வேண்டுமென்றால் கோடையில் போங்கள், காபிக்குப் பழையதே போதும்.