இளைக்காத அம்ப்: நியூரல் அம்ப் மொடலர் பற்றிய ஒரு மதிப்பீடு

கொக்குவிலில் என் தாய்மாமனின் வீட்டு முன்னறையில், ரொறன்ரோவிலிருந்து வீட்டுச் சாமான்களோடு கப்பலில் வந்து சேர்ந்த ஃபென்டர் டீலக்ஸ் றிவேர்ப் அம்ப், அதாவது கிற்றாரின் ஒலியைப் பெருக்கும் கருவி, ஒன்று இருக்கிறது. அறுபதுகளின் நடுவில் செய்யப்பட்ட, கறுப்பு முகப்புக் கொண்ட வகை அது; 6வி6 வகை வால்வுகள் (வெற்றிடக் குழாய்கள்) இரண்டு, 12 அங்குல ஒலிபெருக்கி ஒன்று, ஏறத்தாழ 22 வாற் வலு. அம்பின் ஒலியைக் கணினியில் நகலெடுக்கும் நியூரல் அம்ப் மொடலர் என்ற இலவச மென்பொருளை மதிப்பிடும் துணிவை எனக்குத் தந்தது இந்த அம்ப்தான். அசலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் நகலின் உண்மையைப் பேசினால் அது ஊகமாகவே முடியும்.

ஸ்டீவன் அட்கின்சன் உருவாக்கிய திறந்தமூல மென்பொருள் இது. 1998 இல் வெளிவந்த லைன் 6 பொட் போன்ற பழைய கருவிகள், அம்பின் மின்சுற்றைக் கணிதமாக எழுதிப் பார்க்கும் வழியில் வந்தவை. இந்த மென்பொருளோ சுற்றைப் பற்றி எதையும் அறியாது. அம்புக்குள் போன ஒலியையும் அதிலிருந்து வெளிவந்த ஒலியையும் ஒப்பிட்டு, இரண்டுக்கும் இடையே நடந்ததைச் செயற்கை நரம்பு வலையமைப்பு ஒன்றுக்குப் பழக்கிவிடுகிறது. 2011 இல் வந்த கெம்பர் கருவியும் அம்பைப் படம்பிடிப்பதுதான் என்றாலும், அதன் விலை இங்கே பெரும்பாலான கிற்றார்க்காரருக்கு எட்டாதது.

பிறர் தங்கள் அம்புகளை இப்படிப் பிடித்து, அதாவது மென்பொருளுக்குப் பழக்கி, பகிர்ந்த கோப்புகள் இணையத்தில் ஏராளமாக உள்ளன. அவற்றை நம்பாமல் மாமாவின் அம்பையே பிடிப்பது என்று முடிவுசெய்தோம். இங்குள்ள மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். அமெரிக்க அம்புக்கு வேண்டியது 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். எனவே மின்னழுத்தத்தைக் குறைக்கும் ரான்ஸ்போமர் வழியாக அதை ஏற்றி, ஒலிபெருக்கியின் முன் ஷூர் எஸ்எம்57 மைக்கை ஒட்டி வைத்தோம். அதன்பின் மென்பொருளோடு வரும் மூன்று நிமிடச் சோதனை ஒலியை, கிற்றார் தரும் மட்டத்துக்குக் குறைத்து அம்புக்குள் அனுப்பினோம். இரைச்சலும் கீச்சொலியும் கலந்த அந்த மூன்று நிமிடங்களை அயலவர்கள் பொறுத்துக்கொண்டதற்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். முதல் முயற்சி கெட்டது என் கவனக்குறைவால்: கூரை மின்விசிறியை நிறுத்த மறந்துவிட்டேன். கதவுகளை அடைத்து, சுற்றிவரப் போர்வைகளைத் தொங்கவிட்டு, வியர்க்க வியர்க்க மறுபடி பதிவு செய்தபோது, அசலுக்கும் நகலுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும் பிழையளவு 0.01 ஐ ஒட்டி இறங்கியது. அதற்குக் கீழே போனால் மிக நன்று என்பது இம்மென்பொருளைப் பயன்படுத்துவோர் கொள்ளும் அளவு. பயிற்சியை எங்கள் மடிக்கணினியில் செய்யாமல் கூகுளின் இணையவழிக் கணினிச் சேவையான கோலாப்பில் செய்தோம்.

ஒலிக் குமிழை 3, 5, 7 ஆகிய நிலைகளில் வைத்து மூன்று கோப்புகள் பிடித்தோம். ஹெட்போனை மாட்டி, மைக் வழியாக வரும் அசலையும் கோப்பையும் மாற்றி மாற்றிக் கேட்டபோது, எது எது என்று சொல்வதில் நாங்கள் இருவருமே பாதிக்கு மேல் தவறினோம். என்னை உண்மையில் வியக்கவைத்தது 5 ஆம் நிலைக் கோப்பு. கிற்றாரின் ஒலிக்குமிழைக் குறைத்தால் கரகரப்பு மெல்ல விலகி மணியோசை போன்ற தெளிவு வருவதும், விரலை அழுத்தி மீட்டினால் ஓரம் மட்டும் கிழிவதும் அசலில் உள்ளபடியே வந்தன. பழைய மொடலர்களில் நான் கேட்டுச் சலித்த, தெளிவுக்கும் கரகரப்புக்கும் இடையே சட்டென்று தாவும் குணம் இதில் இல்லை.

குமிழ்களைத் தொட்டால்தான் குறை தெரிகிறது. ஒரு கோப்பு என்பது ஒரு நிலையின் படம். 5 க்கும் 7 க்கும் இடையே 6 இல்லை. மென்பொருளில் பேஸ் (கீழோசை), ட்ரெபிள் (மேலோசை) திருகிகள் உண்டு, ஆனால் அவை பிடித்த கோப்பு ஒலியை உருவாக்கிய பின்னர் வேலை செய்பவை. ஃபென்டரின் சுற்றிலோ தொனிக் குமிழ்கள் முதல் வால்வு நிலையை அடுத்து, ஒலிக்குமிழுக்கு முன்னால் நிற்கின்றன. ஒலியை 7 க்கு ஏற்றும்போது பேஸைக் குறைத்தால், கரகரப்பு உண்டாகும் முன்னரே கீழோசை மெலிந்து, ஒலி இறுகி நிற்கும். மென்பொருளில் அதே பேஸைக் குறைத்தால், ஏற்கெனவே குழைந்துபோன ஒலியிலிருந்து கீழோசை குறைகிறதே தவிர, குழைவு போவதில்லை. டீலக்ஸை வாசித்துப் பழகிய கை இதை ஐந்து நிமிடத்தில் கண்டுகொள்ளும்.

அடுத்தது, மாமா கண்டுபிடித்தது. ஆறு தந்திகளையும் ஓங்கி அடித்தால் அசல் அம்பின் மின்வழங்கி ஒரு கணம் தளர்ந்து, ஒலி உள்ளே அமுங்கிப் பின் மெல்ல எழும். "சத்தம் அதுதான் மருமோன், ஆனா அடிக்க அடிக்க இது இளைக்குதில்லை" என்றார். இதைவிடச் சரியான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. வலையமைப்பின் நினைவு ஒரு நொடியின் சிறு பகுதிதான். அதற்கு மேல் நீளும் தளர்வும் மீட்சியும் அதன் பிடிக்குள் முழுதாக வருவதில்லை. மாலையில் எங்கள் வீதியின் மின்னழுத்தம் இறங்கும்போது அந்த அம்ப் இன்னும் கூடுதலாக இளைக்கும் என்பதால், எந்த நேரத்து அம்பை அசல் என்று கொள்வது என்ற கேள்வியும் இருக்கிறது.

ஒலிபெருக்கி அருகே நிற்கும்போது தந்தி தானாக அதிர்ந்து நீள்வதையும், அறையின் பலகைகள் நடுங்குவதையும் ஹெட்போன் தராது. அதை மென்பொருளின் குற்றமாக நான் எழுதமாட்டேன், ஏனெனில் நாங்கள் பிடித்தது மைக்குக்குக் கேட்ட அம்பை. அதோடு, யாழ்ப்பாணத்தில் என் வயதினரில் பெரும்பாலோர் இத்தகைய அம்பை நேரில் கேட்டதேயில்லை. வானொலியிலும் ஒலிநாடாவிலும் கேட்டு மனதில் பதித்துக்கொண்டது மைக் வழியாக வந்த ஒலியைத்தான். அந்த ஒலியை இம்மென்பொருள் ஏறத்தாழக் குறையின்றித் தருகிறது. அம்பின் பக்கத்தில் நாற்பது ஆண்டுகள் நின்றவருக்குத்தான் ஏதோ குறைகிறது.

பழைய மடிக்கணினி வைத்திருப்போர் கோப்பின் முழு வடிவத்தை ஓட்டினால் ஒலி வெட்டி வெட்டி வரக்கூடும். பயிற்சியின்போதே எடை குறைந்த வடிவத்தைத் தெரிவுசெய்யலாம், இழப்பு சிறிது. கணினி வழியாக ஒலி வருவதால் உண்டாகும் தாமதம் எனக்கு உறுத்தவில்லை. அம்பிலிருந்து மூன்று மீற்றர் தள்ளி நின்றாலே ஒலி காதுக்கு வர ஒன்பது மில்லிசெக்கன் ஆகும். கிற்றாரைக் கணினியோடு இணைக்கும் ஓடியோ இன்ரர்ஃபேஸின் உள்ளீட்டு மட்டத்தில் மட்டும் கவனம் வேண்டும். அது பிசகினால் 5 இல் பிடித்த அம்ப் 3 போலவோ 7 போலவோ நடந்துகொள்ளும்.

பிடிக்கும்போது அம்பின் றிவேர்ப்பையும் (எதிரொலி) ட்ரெமலோவையும் (ஒலி ஏறி இறங்கும் அலைவு) நிறுத்திவிட வேண்டும், காலத்தில் நீளும் விளைவுகளை இது கற்பதில்லை. இதை மாமா பொருட்படுத்தவில்லை. ஏறத்தாழ 19 கிலோ எடையோடு கப்பலில் வந்த அம்பை, ஒரு மெகாபைற்றுக்கும் குறைந்த கோப்பாக, ரொறன்ரோவில் தன்னோடு இசைக்குழுவில் இருந்த நண்பருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினார். அன்றிரவே பதில் வந்தது: "அம்ப் சரி, றிவேர்ப்பை ஏன் நிப்பாட்டி வைச்சிருக்கிறாய்?"